பஸ் நின்ற வாரம் மலை இறங்கியது

16.9.87, புதன்

காலையிலிருந்து தூறல். ஐந்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள், பாதி திருத்தம். விறகெல்லாம் ஈரம். சாமைச் சோற்றில் புகை வாசனை.

சாயங்காலம் சடையன் வந்தார். அவர் பிள்ளைகள் இரண்டு பேர் நம் பள்ளியில்தான். நனைந்த துண்டுக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பஸ் கரியாலூரோடு திரும்பிவிட்டதாம். கண்டக்டர் இவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கௌரிக்கு. சின்னசேலத்திலிருந்து அவள் வீட்டுக்காரர் பென்சிலில் எழுதிய நாலு வரி. பிள்ளை பாபுவுக்கு அம்மை போட்டு நாலு நாள். இப்போது வயிற்றாலும் போகிறது. அம்மா பார்த்துக்கொள்கிறாள். நீ வந்தால் தேவலை.

"இனிமே பஸ்ஸு எப்பங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் வராதாம் டீச்சரு. கீழ ரோடு பூரா மரத்தை வெட்டிப் போட்டு மறிக்கப் போறாங்களாம். எடஒதுக்கீடு கேட்டு."

கௌரி சீட்டைப் பிலோவிடம் நீட்டினாள். எங்கள் மூவரில் மருந்து தெரிந்தவள் பிலோமினாதான், சப் சென்டர் நர்ஸ். நானும் கௌரியும் டீச்சர். பிலோவும் நானும் மூன்று வருஷமாக, கௌரி போன வருஷத்திலிருந்து, ஒரே வீடு, ஒரே அடுப்பு, யார் தண்ணீர் எடுப்பது என்று ஒரே சண்டை.

பிலோ இரண்டு தரம் படித்தாள். "அம்மை கூடத் தாங்கிடும். வயித்தால போறதுதான் ஆகாது." சீட்டை மடித்தாள். "நடந்துடலாம். ரெண்டு நாளு, மிஞ்சினா மூணு."

நான் யோசித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். போன மாதம் சுளுக்கிய கணுக்காலில் வீக்கம் இன்னும் வடியவில்லை. கௌரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றேன்.


17.9, வியாழன்

எச்.எம். லீவு கொடுத்தார், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

எடுத்துக்கொண்டவை: ஆளுக்கு ஒரு மாற்றுப் புடவை. பிலோவின் மருந்துப் பை (பேதிக்கான உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்பது, மாத்திரை, பஞ்சு). பொரி, வெல்லம். குடை இரண்டு, ஒன்றில் கம்பி போனது. டார்ச். தீப்பெட்டி. இந்த நோட்டு.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். ரோடு சுற்று என்று சடையன் காட்டுப் பாதையில் அழைத்துப் போனார். பெரிய ஓடை வரை கூட வருவதாகச் சொன்னார். ஓடையில் செம்மண் நிறத்தில் தண்ணீர், இடுப்புக்கு மேல்.

"குந்துங்க. மழ வுட்டா வடிஞ்சிடும்."

இரண்டு மணி நேரம் கடுக்காய் மரத்தடியில். நானும் பிலோவும் உட்கார்ந்தோம். கௌரி உட்காரவில்லை. தண்ணீரை முறைத்துக்கொண்டு நின்றாள்.

கடக்கும்போது சடையன் முன்னால். மூங்கில் கழியைக் குறுக்கே பிடித்துக்கொண்டார், நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம். மருந்துப் பை பிலோவின் தலைமேல். நடு ஓடையில் என் செருப்பு ஒன்று போயிற்று. கரையேறியதும் மற்றதை நானே எறிந்தேன்.

அப்புறம் வெறுங்கால், சரளை. மதியம் மாதத் தூரமும் வந்துவிட்டது, ஐந்து நாள் முன்னதாக. பிலோவிடம் மட்டும் சொன்னேன். பஞ்சைக் கொடுத்துவிட்டு, "உனக்கும் நல்ல நேரம் பாத்துதான் வருது," என்றாள். சிரித்தோம். கௌரி திரும்பிப் பார்த்தாள். சிரித்ததற்காக வெட்கமாயிருந்தது.

நாள் முழுக்க அவள் எங்களுக்கு நூறு அடி முன்னால்.

"மெதுவாப் போடி, வழுக்குது!"

"நீங்க வாங்கக்கா. நான் போய்க்கினே இருக்கேன்."

வெள்ளிமலை சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பால்வாடி டீச்சர் வீட்டில் இடம் கிடைத்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். காலை உள்ளே விட்டதும் அழுகை வந்தது. வலி மட்டும்தான்.


18.9, வெள்ளி

மழை இல்லை. பனிமூட்டம். தொடை இரண்டும் மரக்கட்டை.

கரியாலூரில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. பன், டீ. எனக்கு ரப்பர் செருப்பு, ஆண்கள் அளவுதான் இருந்தது. நடந்தால் பட் பட் என்று சத்தம். கடைக்காரர் சொன்னார்: "கீழ போலீசு வேன் வேனா ஏத்திக்கினு போறாங்களாம். சில எடத்துல குடிசையும் எரியுதாம். பொம்பளைங்க இன்னாத்துக்குப் போறீங்க?" சில்லறையை வாங்கிக்கொண்டு நடந்தோம்.

பஸ் இல்லாத மலை ரோடு. நடுவில் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. எங்களுக்காக எழுந்திருக்கவில்லை. இறக்கம்தான் ஏற்றத்தைவிட மோசம். கட்டை விரல் நகம் கறுத்துவிட்டது.

மதியத்துக்கு மேல் கௌரியாகவே பேசினாள். எங்களிடமா, ரோட்டிடமா என்று தெரியவில்லை.

"பதினாலு மாசத்துல வுட்டுட்டு வந்தேங்க்கா. பாலை மறக்கடிக்க வேப்பெண்ணெ தடவிக்கினேன். வாயை வச்சிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்." கொஞ்ச தூரம் கழித்து, "வேலை கெடைச்சிருக்குதேன்னு வந்தேன். இல்லன்னா வந்திருப்பனா?"

"யாரும் உன்னைத் தப்பா சொல்லலையே," என்றேன்.

"அவன் சொல்லுவான்."

"ரெண்டரை வயசுப் புள்ள இன்னா சொல்லப் போவுது, வா," என்றாள் பிலோ.

ஒரு வளைவில் கீழே முழுவதும் தெரிந்தது. கோமுகி அணைத் தண்ணீர், பச்சை பச்சையாக நெல், கரும்பு. கள்ளக்குறிச்சிப் பக்கம் இரண்டு இடத்தில் புகை. சோறு வடிக்கிற புகை இல்லை. பிலோ அங்கேயே நின்றுவிட்டாள். அவள் அக்கா அந்தப் பக்கத்தில் ஒரு காலனியில் இருக்கிறாள், மூன்று பிள்ளைகளோடு.

கௌரிதான் சொன்னாள்: "நீ அங்க போக்கா. நாங்க போய்க்கிறோம்."

பிலோ புகையைப் பார்த்துக்கொண்டே, "அக்காவுக்குக் காலு இருக்குது, ஓடிடுவா. உன் புள்ளைக்கு?" என்றாள். பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள்.

செக்போஸ்ட்டில் காவல்காரர் மனைவி மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தந்தாள். தரையில் படுக்கை. இத்துடன் நிறுத்துகிறேன், விரல் மடங்க மறுக்கிறது.


19.9, சனி

நீண்ட நாள். வரிசையாக எழுதிவிட வேண்டும்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மறியல். பெரிய பெரிய புளிய மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன, இலை கூட வாடவில்லை. கிளைகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் அண்டா வைத்துப் பெண்கள் கஞ்சி காய்ச்சினார்கள். நாங்கள் குனிந்து நுழைந்து வந்ததைப் பார்த்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"எங்கம்மா போறீங்க?"

கௌரி சொன்னாள். "இப்படி மறிச்சா, சீக்குப் புள்ளைங்களை எப்படிங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறது?" என்றும் கேட்டாள்.

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. "எம்மவன் பி.ஏ. முடிச்சிட்டு ஆறு வருசமா மாடு மேய்ச்சிக்கினு இருக்கான். கேட்டுக் கேட்டு வாயி வலிச்சிப் போச்சு. வேற எப்படித்தாம்மா கேக்கறது? நீ சொல்லு." என் தம்பியும் பி.எஸ்சி. அவனும் வீட்டில்தான். இந்நேரம் ரிஷிவந்தியம் பக்கம் இதேபோல் ஒரு மரத்தின் மேல்தான் உட்கார்ந்திருப்பான். பெரியவர் கேட்டது நியாயம் என்றே பட்டது. கௌரி கேட்டதும்.

பக்கத்தில் நின்ற இளவட்டம் ஒருவன், "எந்த ஊரு? இன்னா ஆளுங்க?" என்றான்.

அப்பா பேரும் ஊரும் சொன்னேன். அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது, முகம் இளகியது. கௌரியும் சொன்னாள். பிலோ தானாகவே சொன்னாள்: "பிலோமினா. நர்சு. கள்ளக்குறிச்சிப் பக்கம் காலனி." யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். இளவட்டம் பெரியவரைத் திரும்பிப் பார்த்தான். பெரியவர், "நடந்து போறவங்களை மறிக்கல. போங்கம்மா," என்றார்.

ரோட்டோர வீட்டு அம்மாள் ஒருத்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில். தண்ணீர் கேட்டோம். "உள்ள வாங்க," என்று என்னையும் கௌரியையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். பிறகு சொம்போடு வாசலுக்குப் போய்ப் பிலோவிடம், "கையை நீட்டு," என்றாள்.

பிலோ குனிந்து கையைக் குவித்தாள். அந்த அம்மாள் மேலிருந்து ஊற்றினாள். முழங்கை வழியாக வழிந்தது.

நான் டம்ளரோடு உள்ளே நின்றேன். பாதி குடித்திருந்தேன். மீதிப் பாதியையும் குடித்தேன். தாகம். அதுவும் உண்மைதான்.

ஒரு பர்லாங் தாண்டித்தான் பிலோ வாயைத் திறந்தாள். "வாங்க டீச்சர், நேரமாவுது." மூன்று வருஷத்தில் என்னை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.

சின்னசேலம் சேர்ந்தபோது மணி நாலு. ரயிலும் இல்லை. தண்டவாளத்தில் ஆடுகள். ஸ்டேஷனுக்குப் பின் தெருவில் கௌரியின் மாமியார் வீடு. நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. கௌரி ஓடினாள். மாமியார் கதவை மறித்துக்கொண்டு, "நில்லு, நில்லு! காலைக் கழுவிட்டு வா. அம்மா வந்திருக்கறா," என்றாள். எங்களைப் பார்த்து, "வெளியாளுங்க வேணாம்மா, கோச்சிக்காதீங்க."

கௌரியின் வீட்டுக்காரர் இல்லை. மறியலின் முதல் நாளே தெரு ஆண்கள் எல்லோரையும் போலீஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். எந்த ஊர் ஜெயில் என்றுகூடத் தெரியவில்லை. மாமியார் ஒருத்திதான், பிள்ளையோடு.

பிலோ வாசலில் கல்மேல் உட்கார்ந்தாள். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"புள்ள அழுவுதா கௌரி?"

"சத்தமே இல்லக்கா."

"கண்ணு?"

"உள்ள போயிருக்குது."

"வயித்துத் தோலைப் புடிச்சி வுடு. மடிப்பு அப்படியே நிக்குதா?"

"நிக்குதுக்கா."

பிலோவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அதற்குள் பொட்டலங்களை எடுத்துவிட்டாள். மாமியார் வெளியே வந்தாள்.

"மருந்தா? அம்மா இருக்கறப்ப மருந்து குடுத்தா கண்ணைப் பறிச்சிக்குவா. உப்புகூட சேக்கக் கூடாது."

பிலோ வாதாடவில்லை. "மருந்து இல்லம்மா. காய்ச்சி ஆறின தண்ணி, கொஞ்சம் சக்கரை. அம்மாளுக்கும் தாகமா இருக்குமில்ல? புள்ள வாயாலதான குடிப்பா."

மாமியார் அந்தப் பொட்டலத்தையும் பிலோவையும் மாறி மாறிப் பார்த்தாள். பல நாள் தூங்காத கண். கெட்டவள் இல்லை. பயந்து போயிருக்கிறாள்.

"தண்ணி மட்டும்தான?"

"தண்ணிதான். நிமிசத்துக்கு ஒரு ஸ்பூனு. ஜாஸ்தி ஊத்தினா கக்கிடும்."

உள்ளே ஸ்பூன் கிண்ணத்தில் படும் சத்தம். பிலோ வாசலிலிருந்தே, "ம்... இன்னொண்ணு... ம்..."


20.9, ஞாயிறு

ஸ்பூன் நிற்கவில்லை. மாமியாரும் கௌரியும் மாறி மாறி. நாங்கள் எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாக்கு விரித்துக்கொண்டோம். பிலோ கண் மூடவே இல்லை. பொட்டலம் மூன்று காலி.

எட்டரை மணிக்கு உள்ளேயிருந்து ஒரு கூச்சல். ஓடினோம். மாமியார் நனைந்த புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "ஒண்ணுக்குப் போயிட்டான்! எம்மேலயே போயிட்டான்!" சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர்.

பிலோ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "இனிமே பொழச்சிக்கும்."

கொஞ்ச நேரத்தில் மாமியார் கூழ் கொண்டுவந்தாள். மூன்று டம்ளர். பிலோவுக்கு எது போகிறது என்று என் கண் போயிற்று. எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர். நான் பார்த்ததைப் பிலோ பார்த்துவிட்டாள்.


21.9, திங்கள்

பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்டான். வாசலிலிருந்து பார்த்தோம். கௌரி இரண்டு கையையும் நீட்டினாள். "பாபு, வாடா கண்ணு." அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பி மாமியாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா," என்றான்.

"அதுதாண்டா உங்கம்மா, போடா," என்றாள் மாமியார். அவளுக்கே சங்கடம். இழுத்துக் கௌரியின் மடியில் வைத்ததும் வீறிட்டு அழுதான்.

"கண்ணுல தண்ணி வருது பாரு," என்றாள் பிலோ மெதுவாக. நேற்று முன்தினம் அந்தத் தண்ணீருக்குத்தான் ஏங்கினோம்.

கௌரி பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாள். வெகுநேரம் துவைத்தாள்.

மதியம் பிலோ அக்காவைப் பார்க்கக் கிளம்பினாள், தனியாக, நடந்தே. மீதிப் பொட்டலங்களைக் கௌரியிடம் கொடுத்தாள். மாமியாரிடம், "நீங்க மடியை வுட்டு எறக்காம வச்சிருந்ததாலதாம்மா புள்ள தாங்கிச்சு," என்றாள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நானும் வருகிறேன் என்றேன்.

"இந்தக் காலை வச்சிக்கினா? படுங்க டீச்சர்."

அந்த "படுங்க". நானும் வற்புறுத்தவில்லை. கால் உண்மையிலேயே முடியவில்லை. அது மட்டும்தான் காரணமா, தெரியாது.


22.9, செவ்வாய்

எனக்குக் காய்ச்சல். தூக்கம். ரசம் சோறு. நகம் கழன்றுவிட்டது.


23.9, புதன்

நாளையிலிருந்து பஸ் ஓடுமாம். தெரு ஆண்கள் இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள். கௌரியின் வீட்டுக்காரரும் வந்துவிடுவார் என்கிறார்கள்.

கௌரி லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தாள், பதினைந்து நாளுக்கு. எச்.எம். திட்டுவார்.

"திட்டட்டும்க்கா. வந்தா ரெண்டு பேரா வருவேன். இல்லன்னா வரமாட்டேன்."

மாமியார் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "மலையில குளிரு ஜாஸ்தியாமே. புள்ளைக்கு ஆவுமா?" என்றாள், முறத்தைப் பார்த்தே. கொஞ்சம் பொறுத்து, "கம்பளி இருக்குது, எங்க வூட்டுக்காரருது. அதை நான் எடுத்தாறேன்," என்றாள். தானும் வருவதாகச் சொல்கிறாளா, கம்பளியை மட்டும் சொல்கிறாளா என்று கௌரிக்கும் புரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.


25.9, வெள்ளி

வெயில். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அப்படிக் கூட்டம். வெட்டிய மரங்களை ரோட்டோரம் ஒதுக்கிப் போட்டிருக்கிறார்கள், லாரிக்காரர்கள் விறகுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மலை பஸ்ஸில் ஏறினால் பிலோ. ஜன்னல் ஓரம், காலடியில் ஐஸ் பெட்டி. பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். நகர்ந்து கொடுத்தாள்.

"அக்கா?"

"கரும்புக் கொல்லையில மூணு நாளு ஒளிஞ்சிக்கினு இருந்திருக்குதுங்க, புள்ளைங்களோட. ரெண்டு வூடு எரிஞ்சிடுச்சி. அக்கா வூடு இல்ல, பக்கத்து வூடு." பிறகு, "பாபு?"

"சோறு தின்றான். நேத்து தூக்கத்துல உருண்டு வந்து கௌரி மேல காலைப் போட்டானாம். விடியற வரைக்கும் அசையாம கெடந்தாளாம்."

பிலோ சிரித்தாள். கோமுகி அணை போயிற்று. ஏற்றம் ஆரம்பித்தது, என்ஜின் முக்கியது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"பிலோ, அன்னிக்கி அந்த வூட்டுல நான் டம்ளரைக் கீழ வச்சிருக்கணும்."

"எந்த வூடு?"

"உன் கையில தண்ணி ஊத்தினாங்களே."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊத்தின வூடு ஒண்ணா ரெண்டா, ஞாபகம் வச்சிக்க? அந்தப் பொம்பள மூஞ்சிகூட மறந்து போச்சு." இரண்டு வளைவு கழித்துச் சொன்னாள்: "நீ உள்ள நின்னு குடிச்சியே, அதுதான் மறக்க மாட்டேங்குது."

சொல்ல இருந்ததைச் சொல்லியாகிவிட்டது. அது போதவில்லை.

கரியாலூருக்கு முன்னால் அவளுக்குக் கண் சொக்கியது. குனிந்து பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள். "அம்மை ஊசி. மேல அறுவது புள்ளைங்களுக்குப் போடணும். ஐஸு கரையறதுக்குள்ள போயிடணும். ஆட்டாம புடிச்சிக்க." ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

ரோடு முழுக்கக் குழி. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிமலைக்கு முன்பே கை இரண்டும் மரத்துப்போயின.